ஆபரேஷன் முடிந்தது, வைத்தியம் முடியவில்லை

மும்பையில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர் வட்டாரங்களில் மருந்துக் கடைகளின் முன் கூட்டம் கூடிவிடுகிறது. மூக்கடைப்பு, தலைபாரம், கன்னத்தில் குத்தல், தொண்டையில் சளி இறங்குதல் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களில் சிலர் சைனஸ் ஆபரேஷனே செய்துகொண்டவர்கள். கையில் டாக்டர் சீட்டு இராது. தீர்ந்துபோன மாத்திரை அட்டை ஒன்று இருக்கும். அதைக் காட்டி, அதே மருந்தில் இன்னொரு அட்டை வாங்கிக்கொண்டு வேலைக்கு ஓடுவார்கள்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோல் பை தைத்துப் பிழைக்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். பல வருஷ மூக்கடைப்பு. வாசனை என்பதே மறந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, முறை வரும்வரை காத்திருந்து ஆபரேஷன் செய்துகொண்டார். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள், போனார். மறுபடி மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள்; போகவில்லை. போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அடுத்த மாதம் மூக்கு மீண்டும் அடைத்தது. பக்கத்து மிஷினில் தைப்பவர் யோசனை சொன்னார்: "அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்தாங்கல்லா, அந்த மாத்திரையவே இன்னொரு அஞ்சு நாள் போடுங்க." போட்டார். இரண்டு நாள் தேவலை போல் இருந்தது. பிறகு பழையபடி அடைப்பு. கடைக்காரர் அதைவிட வீரியமான மாத்திரை கொடுத்தார். அதுவும் பலிக்கவில்லை. கடைசியில், ஆபரேஷனே வீண் என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார்.

இது தனி ஒருவருடைய கதையல்ல. பலருடைய அனுபவத்தைச் சேர்த்து ஒருவர் மேல் ஏற்றிச் சொன்னது. இதில் ஆபரேஷன் மீது குற்றமில்லை. அதற்குப் பிறகு செய்ய வேண்டியது என்ன என்று அவருக்குப் புரியும்படி சொல்லப்படவில்லை. புரிந்திருந்தாலும், அதைச் செய்ய அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. இந்த இரண்டு குறைகளுக்கும் மாத்திரை அட்டை பரிகாரம் ஆகாது.

பீனிசம் என்பது என்ன?

நம் ஊர் வைத்தியர்கள் பீனிசம் என்று சொல்லி வந்ததை இன்று எல்லோரும் சைனஸ் என்கிறார்கள். உண்மையில் சைனஸ் என்பது நோயின் பெயரல்ல. நெற்றி, கன்னம், மூக்கின் பக்கவாட்டு, மூக்கின் பின்பகுதி ஆகிய இடங்களில் எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளுக்குத்தான் அந்தப் பெயர். இடமும் வலமுமாக நான்கு ஜோடி. இவற்றின் உட்புறச் சவ்வில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் உண்டு. அவை ஓயாமல் அசைந்து, ஊறும் சளியைச் சிறு வாசல்கள் வழியாக மூக்குக்குள் தள்ளிவிடுகின்றன. சவ்வு வீங்கி வாசல் அடைபட்டால் சளி உள்ளேயே தேங்குகிறது.

சாதாரண ஜலதோஷத்தோடு வரும் சைனஸ் கோளாறு சில வாரங்களில் அடங்கிவிடும். பன்னிரண்டு வாரங்களுக்கு மேலும் நீடித்தால்தான் டாக்டர்கள் அதை நாள்பட்ட நோய் என்கிறார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முன்னதில் சில சமயம் பாக்டீரியாக் கிருமி தொற்றிக்கொள்கிறது. அப்போது ஆன்டிபயாடிக் மருந்து உதவும். பின்னதில் முதற்காரணம் சவ்வின் அழற்சி. ஒவ்வாமை, ஆஸ்துமா, மூக்கில் சதை வளர்ச்சி, பூஞ்சைக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு, புகை, தூசி என்று அதற்குப் பின்னணி பல உண்டு. மேல் கடைவாய்ப் பல் சொத்தையாகி, அதன் வேர் வழியே கன்ன அறைக்குள் சீழ் ஏறுவதும் உண்டு. அந்தப் பல்லைக் கவனிக்காமல் எத்தனை அட்டை மாத்திரை தின்றாலும் சீழ் நிற்காது.

ஆபரேஷன் செய்வது என்ன?

சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில், மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேல் கீறி, கன்ன எலும்பில் துளையிட்டு உள்ளிருக்கும் சவ்வைச் சுரண்டி எடுப்பதுதான் பழக்கத்தில் இருந்தது. பிறகு இங்கிலாந்தின் ஹரால்டு ஹாப்கின்ஸ் வடிவமைத்த மெல்லிய உள்நோக்குக் குழாய் வந்தது. ஆஸ்திரியாவில் கிராஸ் நகரின் டாக்டர் மெஸ்ஸர்க்ளிங்கர் அத்தகைய குழாயால் பார்த்து ஓர் உண்மையைக் கண்டார். எங்கே துளையிட்டாலும் சளி இயற்கை வாசலை நோக்கியே நகர்கிறது. ஆகவே அந்த வாசலைத் திறந்துவிடுவதே சரியான வழி. 1985 முதல் அமெரிக்காவின் டேவிட் கென்னடி முதலியோர் இம்முறையைப் பரப்பினார்கள். இன்று மும்பையில் நடப்பதும் இதுவே. வெளியே தழும்பு தெரியாது.

இந்த ஆபரேஷன் வாசலைத் திறக்கிறது. காற்று போகவும் மருந்து உள்ளே சேரவும் வழி செய்கிறது. சவ்வின் சுபாவத்தை அது மாற்றிவிடுவதில்லை. சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் சேர்ந்து உள்ளவர்களுக்குச் சதை திரும்பவும் வளரக்கூடும். பள்ளத்தில் தேங்கிய தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டியாயிற்று. அந்த வாய்க்காலைத் தூர் சேராமல் பார்த்துக்கொள்வது அடுத்த வேலை.

ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் மூக்குக்குள் இரத்தக் கட்டியும் பொருக்கும் காய்ந்த சளியும் அடைத்துக்கொள்வது சகஜம். சவ்வின் நுண்ணிய மயிர்கள் பழையபடி வேலை செய்யப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். இந்த அடைப்பைப் புதிய கிருமி நோய் என்று நினைத்துத்தான் பலர் மாத்திரைக்குப் பாய்கிறார்கள். அடைத்துக்கொண்டிருப்பது பொருக்கு என்றால் மாத்திரை என்ன செய்யும்? அதைக் கழுவ வேண்டும். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

மாத்திரை எப்போது தேவை?

ஆபரேஷனுக்குப் பிறகு ஆன்டிபயாடிக் கூடவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மூக்கில் பஞ்சு வைத்து அடைத்திருந்தாலோ, உள்ளே சீழ் கண்ணில் பட்டாலோ, காய்ச்சல் இருந்தாலோ டாக்டர் மருந்து எழுதுவார். சீழை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி, எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று அறிந்து கொடுப்பது மிகவும் நல்லது. அடிக்கடி மாத்திரை தின்றவர்களின் மூக்கில் சாதாரண மருந்துக்கு அடங்காத கிருமிகள் குடியேறியிருக்கக்கூடும் என்பதால், அவர்களுக்கு இந்தப் பரிசோதனை அவசியமே ஆகிறது.

ஆனால் ஆபரேஷன் செய்துகொண்ட எல்லோருக்கும் வழக்கமாக ஒரு வாரம், இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் கொடுப்பதால் பெரிய நன்மை உண்டு என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஐரோப்பிய மூக்கு நோய் நிபுணர்கள் 2020ல் வெளியிட்ட வழிகாட்டி நூலும், நாள்பட்ட சைனஸ் நோயில் இம்மருந்துகளின் பலன் நிச்சயமற்றது என்றே கூறுகிறது. உப்பு நீரால் கழுவுவதையும், ஸ்டீராய்டு தெளிப்பு மருந்தையும் அது அடிப்படை வைத்தியமாக வைக்கிறது.

இதற்குக் காரணமும் தெரிந்ததே. நாள்பட்ட நோயில் கிருமிகள் தனித்தனியாகத் திரிவதில்லை. தங்களைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தை உண்டாக்கிக்கொண்டு, அதன் மறைவில் கூட்டமாக வாழ்கின்றன. இரத்தத்தின் வழியாக வரும் மருந்து அந்தப் படலத்துக்குள் போதிய அளவு புகுவதில்லை. வெளியே உள்ளவை சாக, இரண்டு நாள் தேவலை போல் தோன்றுகிறது. உள்ளே உள்ளவை பிழைத்து மீண்டும் பெருகுகின்றன. தோல் பைத் தொழிலாளிக்கு நேர்ந்ததும் இதுவாகவே இருக்கலாம்.

சில டாக்டர்கள் மாக்ரோலைடு வகை மருந்தைக் குறைந்த அளவில் இரண்டு மூன்று மாதம் சாப்பிடச் சொல்வது உண்டு. ஜப்பானில் நுரையீரல் நோய் ஒன்றுக்கு இப்படிக் கொடுத்துப் பலன் கண்டதிலிருந்து பிறந்த முறை இது. கிருமியைக் கொல்வதைவிட அழற்சியைத் தணிப்பதே இதில் நோக்கம். எல்லோருக்கும் இது பொருந்தாது. இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கு எச்சரிக்கை வேண்டும். டாக்டர் பார்த்துக் கொடுத்திருந்தால் பயந்து நிறுத்த வேண்டாம். ஒருவருக்குக் கொடுத்ததைப் பார்த்து இன்னொருவர் தின்னவும் வேண்டாம்.

தின்னுகிறவரோடு போகாத தீங்கு

வேண்டாத மாத்திரையால் வயிற்றுப்போக்கும் பணநஷ்டமும் ஏற்படுவது கண்கூடு. கண்ணுக்குத் தெரியாத தீங்கு அதைவிடப் பெரிது. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங் 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவர் தொண்டை வலிக்குத் தாமே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் சாப்பிடுகிறார். கிருமி சாகாமல் மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. அது அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. மருந்து கேட்காமல் அந்த அம்மாள் இறந்துபோகிறார். மருந்து வந்த புதிதிலேயே, அதைக் கண்டுபிடித்தவரே கொடுத்த எச்சரிக்கை இது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்ததாக 2022ல் வெளியான சர்வதேச ஆய்வு கணக்கிட்டிருக்கிறது.

மும்பைவாசிகள் இதை மேலும் கூர்ந்து கவனிக்க வேண்டும். நெருக்கமான குடியிருப்புகளில் காசநோய் இன்னும் பெரிய பிரச்னை. பல மருந்துகளுக்கு அடங்காத காசநோயும் இந்த நகரில் இருக்கிறது. லீவோபிளாக்சசின், மாக்சிபிளாக்சசின் என்ற மருந்துகள் அத்தகைய நோயாளிகளுக்கு ஆயுதம் போன்றவை. அதே லீவோபிளாக்சசினைச் சைனஸுக்கென்று கடையில் கேட்டு வாங்கி ஐந்து நாள் தின்றால், உள்ளே காசநோய் இருக்கிறவருக்கு இருமல் சற்றே அடங்கி நோய் மறைந்து நிற்கும். கண்டுபிடிப்பது தாமதமாகும். அதற்குள் கிருமி அம்மருந்துக்குப் பழகிவிடவும் கூடும். ஒரே அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் இடத்தில் அதன் விளைவு ஒருவரோடு நிற்காது.

பூனா போகும் ரயில் பாதையில் பிம்ப்ரி என்ற ஊரைப் பலர் பார்த்திருப்பார்கள். 1954ல் இந்திய சர்க்கார் அங்கேதான் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. ஏழைக்கும் பெனிசிலின் எட்ட வேண்டும் என்று அன்று பாடுபட்டார்கள். அப்படி எட்டிய மருந்து, அளவில்லாமல் புழங்குவதால் பலனற்றுப் போனால் முதலில் அடிபடுகிறவனும் ஏழைதான். அடுத்த கட்ட மருந்தின் விலை அவனுக்குக் கட்டாது.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆன்டிபயாடிக் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 1-3-2014 முதல், முக்கியமான 46 மருந்துகள் எச்-1 என்ற தனி அட்டவணையில் வைக்கப்பட்டன. செபிக்சிம், லீவோபிளாக்சசின் முதலியவை இதில் சேர்ந்தவை. இவற்றை விற்கும் கடைக்காரர் நோயாளியின் பெயர், டாக்டரின் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அட்டையின் மேல் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டின்றி வாங்கக் கூடாது என்று 2016ல் மத்திய சர்க்கார் பிரசாரமும் செய்தது. எழுத்துத் தெரியாதவரும் சிவப்புக் கோட்டை அறிவார். ஆனாலும் பல கடைகளில் சீட்டைக் கேட்பதே இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

செய்ய வேண்டியது என்ன?

ஆபரேஷன் செய்துகொண்டவர் மனத்தில் வைக்க வேண்டியவை சில. முதலாவது, உப்பு நீரால் மூக்கைக் கழுவுதல். கால் லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கலந்துகொள்ளலாம். எப்போது தொடங்குவது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக் கூடாது. 2011ல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் கொதிக்கவைக்காத குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் அமீபா தொற்றி இறந்தார்கள். கேரளத்திலும் 2024, 2025 ஆண்டுகளில் இந்த அமீபா நோயால் உயிர்கள் போயின. கழுவும் பாட்டிலையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு தெளிப்பு மருந்து. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் பலர். மூக்கில் தெளிப்பதில் உடம்புக்குள் சேரும் அளவு மிகக் குறைவு. இதன் பலன் மெதுவாகத்தான் தெரியும். மாதக்கணக்கில் உபயோகிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, குறித்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போவது. நான்காவது, முதல் இரண்டு வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தாமல், கனமான சுமை தூக்காமல் இருப்பது. மூட்டை தூக்குகிறவர்களுக்கு இது கஷ்டமான கட்டளை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இரத்தம் பீறிட்டால் அதைவிடக் கஷ்டம்.

கண் வீங்குதல், பார்வை இரட்டையாகத் தெரிதல், காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, நிற்காத இரத்தம், ஒரு பக்க மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டுதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மூக்கில் கறுப்புப் பொருக்கோ முகத்தில் மரத்துப்போதலோ தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 2021ல் கொரோனாவைத் தொடர்ந்து வந்த கறுப்புப் பூஞ்சை நோய் மகாராஷ்டிரத்தில் எத்தனை பேரின் கண்ணையும் உயிரையும் பறித்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரை பூஞ்சையைத் தொடாது.

யாருடைய பொறுப்பு?

இவ்வளவையும் நோயாளி ஒருவரே சுமக்க வேண்டும் என்று சொல்வது நியாயமாகாது. கழுவும் முறையை நெரிசலான வெளிநோயாளிப் பிரிவில் இந்தியில் வேகமாகச் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்தால் ஊரிலிருந்து வந்த தொழிலாளி என்ன செய்வார்? அவருக்குப் புரிந்தது மாத்திரையின் நிறம் மட்டுமே. ஒரு பக்கத் தாளில் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் படத்தோடு அச்சிட்டுக் கொடுக்கப் பெரிய செலவு பிடிக்காது. மும்பையில் உள்ள தமிழ் அமைப்புகள் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் உழைப்பதைப் போல இதற்கும் முன்வந்தால் பெரும் புண்ணியமாகும். படித்த குமாஸ்தா ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொன்னால் அதுவும் வைத்தியமே.

அடுத்தது லீவு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு நோய்க் காலத்தில் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அட்டை இருந்தும் அதைக் கேட்டு வாங்கத் தெரியாதவர்கள் உண்டு. சிறு பட்டறைகளில் வேலை செய்யும் பெரும்பாலோருக்கோ அந்த அட்டையே இல்லை. ஆபரேஷனுக்கு லீவு கொடுக்கும் முதலாளி, மறுபரிசோதனைக்கு அரை நாள் கேட்டால் முகம் சுளிக்கிறார். அந்த அரை நாளைக் கொடுத்துவிட்டால் தொழிலாளி மறுபடி படுக்காமல் இருப்பார். முதலாளிக்கும் அது லாபமே. ஆஸ்பத்திரிகளும் மறுபரிசோதனைக்கு மாலை நேரத்தில், வாரத்தில் ஒரு நாளாவது ஏற்பாடு செய்தால் எத்தனையோ பேருக்குக் கூலி மிஞ்சும்.

கடைக்காரர் சீட்டைக் கேட்கட்டும். டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதும்போது, எதற்காக, எத்தனை நாள் என்று இரண்டு வார்த்தை சொல்லட்டும். நோயாளியும் கூசாமல் கேட்கட்டும். எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி சாப்பிட வேண்டும்; தானாகக் குறைக்கவும் கூடாது, நீட்டவும் கூடாது, மிஞ்சியதை அடுத்தவருக்குக் கொடுக்கவும் கூடாது.

மூக்குக்குள் இருப்பது பொருக்கா, சதையா, சீழா என்று குழாய் விட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும். கடைக்காரருக்கும் தெரியாது, பக்கத்து மிஷின்காரருக்கும் தெரியாது. தோல் பைத் தொழிலாளி இன்னொரு அட்டை வாங்க நீட்டும் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, குறித்த நாளில் ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏறட்டும். அவருக்கு அந்த அரை நாளைக் கொடுக்க வேண்டியவர்கள் மனம் வைத்துக் கொடுக்கட்டும்.